மாமாவுக்கு மேனேஜர்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கு என் மாமனார் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை, அப்படித்தான் நடந்தது.

காலையில் முதலாளி அப்துல் ஹாதி கடைக்குள் வந்தார். பின்னாலேயே சதக்கத்துல்லா மாமா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, துபாய் அத்தர் வாசம், பையில் இரண்டு பேனா. "உசாமா, ஃப்ளோர் சூப்பர்வைசர் இல்லாம கஷ்டமா இருக்குன்னியே. வீட்டுக்குள்ளேயே ஆள வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுறே" என்றார் முதலாளி. மாமா இருபத்தாறு வருஷம் துபாயில் சூப்பர் மார்க்கெட்டில் இருந்தவர். போன மாசம்தான் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கீழக்கரைக்கு வந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் மாமியின் அடுப்படி டப்பாக்களை உயரப்படி அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தார். முதலாளிக்குச் சொல்லி அனுப்பியது குல்சும் மாமியாகத்தான் இருக்க வேண்டும்.

நான் மேனேஜர் ஆகியே ஒரு மாசம்தான் ஆகிறது. பழைய மேனேஜர் கத்தாருக்குப் போய்விட்டார், அசிஸ்டெண்டாக இருந்த என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "பெருநாள் வரைக்கும் பாப்போம். சரியா வந்தா நீதான். இல்லேன்னா மதுரையிலேர்ந்து ஆள் வரும்" என்பது முதலாளியின் கண்டிஷன்.

சிக்கல் எங்கே என்றால், நான் தேவிபட்டினத்துக்காரன், கீழக்கரையில் பெண் எடுத்தவன். இங்கே கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வந்துவிட்டால் ராஜ உபசாரம். நான் இருக்கிற கூடத்தில் மாமா சட்டை இல்லாமல் நின்றதில்லை. நான் உட்காராமல் அவர் உட்கார மாட்டார். அவர் நிற்கும்போது நான் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் நானும் நிற்பேன். மாமி வந்து "ரெண்டு பேரும் பஸ்ஸுக்கா நிக்கிறீக?" என்று கேட்கும்வரை நிற்போம்.

கடையிலும் இன்றைக்கு அதே கதைதான். என் கேபினில் ஒரே ஒரு நாற்காலி. சாயங்காலம் வரை அதில் யாரும் உட்காரவில்லை. பில்லிங்கில் இருக்கும் ஈஸ்வரி, திருப்புல்லாணியில் இருந்து பஸ்ஸில் வருகிற பெண், எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "சார், அந்தச் சேர் விக்கிறதுக்கா?"

பிப்ரவரி 6, வியாழன்

மாமாவிடம் மைக்கைக் கொடுத்தது என் தப்பு. "மாப்பிள்ளை எங்க இருந்தாலும் உடனே பில்லிங் கவுண்டருக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே சாமான் வாங்க வந்த மூன்று புது மாப்பிள்ளைகள் பயந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷார்ஜாவில் இருந்து சல்மான் காக்கா போன். அவர் கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ் இடம் காலியாகிறதாம். "விசா ரெடிடா. பெருநாளைக்குள்ள சொல்லிரு. அதுக்கு மேல என்னால இழுத்துப் புடிக்க முடியாது. ஊர்ல ஒரு கடைய நம்பி எத்தனை நாளைக்கு?" என்றார். என் கூடப் பிறந்தவர், நல்லதுக்குத்தான் சொல்கிறார். இங்கே வேலை நிலைக்காவிட்டால் அங்கே போவதைத் தவிர வேறு வழி கிடையாது என்பது எனக்கே தெரியும். பெருநாள் பிறையில் எல்லாரும் சந்திரனைப் பார்ப்பார்கள், நான் என் வேலையைப் பார்க்க வேண்டும்.

லாமியா துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தபோதே அவள் ஒரே ஒரு கண்டிஷன்தான் சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை கட்டையாக இருந்தாலும் சரி, குறட்டை விட்டாலும் சரி, சபுராளி மட்டும் வேண்டாம். கப்பலோ விமானமோ ஏறி வெளிநாட்டில் பிழைக்கப் போகிறவன் வேண்டாம் என்று. (நான் கட்டைதான், குறட்டையும் உண்டு என்று வாரம் ஒருமுறை நினைவூட்டுவாள்.)

இன்றைக்கு விளையாட்டாகப் பேசவில்லை. "நான் பொறந்தப்ப வாப்பா துபாய்ல இருந்தாக. என்னைய மொதமொத பாக்க வரும்போது நான் நடந்துக்கிட்டு இருந்தேனாம். யாரு இந்த ஆளுன்னு உம்மா பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டேனாம். வீட்ல சிரிச்சுச் சிரிச்சு சொல்லுவாக. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்ல மச்சான்."

எனக்கும் வரவில்லை. போகப் பிடிக்கவில்லை எனக்கு. அவளை இங்கே விட்டுவிட்டு, அங்கே ஒரு அறையில் உட்கார்ந்து போனில் முகம் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எப்படியாவது இந்த வேலையில் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

நல்ல மேனேஜர் ஆவது எப்படி என்று யூடியூபில் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். "உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்" என்கிறார். நான் மாமாவின் கண்ணைப் பார்த்தால் அவர் எழுந்து நின்றுவிடுகிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகப் புரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மாமா சேர்ந்த அன்று ஸ்டாஃப் மீட்டிங்கில், அவர் மனசு குளிரட்டுமே என்று, "நம்ம கடைய துபாய் ஸ்டாண்டர்டுக்குக் கொண்டு போகணும்" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். இன்று கறியை என் தட்டில் வைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை, அங்க நோன்புன்னா லபான் இல்லாம ஒரு வீடு இருக்காது. நீங்க சொன்னா நாமளும் போடலாம்" என்றார். லபான் என்பது வேறொன்றுமில்லை, அரபிகள் குடிக்கிற மோர், பாட்டிலில் அடைத்து வரும். கீழக்கரையில் அது ஓடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வாய் நிறைய அவர் வீட்டுச் சோறு. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றேன்.

"எத்தனை பெட்டி போடலாம்? நீங்களே சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க மாமா."

"பத்து?"

பத்துக்குச் சரி என்றால் அவர் யோசனையை நான் மதிக்கவில்லை என்று ஆகிவிடுமே! "முப்பதாவது போடணும் மாமா" என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்புடின்னா அம்பதாப் போட்டுருவோம்." நான் எழுபது என்றேன். அவர், "எழுபதுன்னா தனி வண்டிதான் வைக்கணும். வண்டின்னு வச்சுட்டா அரை வண்டியா வரும்?" என்றார்.

மீன் சந்தையில் ஆளாளுக்கு விலையைக் குறைத்துக் கேட்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் மரியாதைக்காக ஏற்றிக்கொண்டே போய் ஒரு வண்டி லபான் வாங்கிவிட்டோம். மாமி மட்டும், "என்னத்துக்கு இம்புட்டு மோரு?" என்று கேட்டார். மாமாவும் நானும் ஒரே குரலில், "உனக்குத் தெரியாது", "உங்களுக்குத் தெரியாது மாமி" என்றோம்.

சாயங்காலம் ஆர்டரை உறுதி செய்து கொச்சி டீலருக்கு மெயில் அனுப்பினேன். அனுப்பியது நான்தான், யாரும் என் கையைப் பிடித்து அழுத்த வைக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

வண்டி வந்தது. முழு வண்டி.

பிப்ரவரி 27, வியாழன்

லபானுக்கு இடம் வேண்டும் என்று தயிர், ஐஸ்கிரீம், பன்னீர் எல்லாவற்றையும் ஓரம் தள்ளினோம். கோல்ட் ரூமைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. மாமா வாசல் பக்கம் பாட்டிலிலேயே பள்ளிவாசல் கோபுரம் மாதிரி ஒரு மினாரா கட்டினார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அரிசிக்கே போக முடியும். சொல்லலாமா என்று பார்த்தேன். மாமா கைக்குட்டையால் உச்சிப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. கடையில் நல்ல கூட்டம். பேரீச்சை, கடல்பாசி, ரோஸ் சர்பத், நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி எல்லாம் பறந்தன. லபான் இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா வயசில் ஒரு லாத்தா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இது மோருதானே? மோருக்கா காசு?" "மோருதான் லாத்தா" என்றேன். நோன்பு நேரத்தில் பொய் சொல்லக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

லாமியா வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகவே மாமாவிடம் நேராகச் சொல்ல முடியாததை எல்லாம் இவள் மூலமாகச் சொல்லி வந்தேன். மினாராவைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லு, மைக்கில் துவா ஓதுவதைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லு, இப்படி. மாமாவும் அதே போஸ்ட் ஆபீஸைத்தான் உபயோகித்திருக்கிறார், எனக்குத் தெரியாது. இன்று நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான் வாப்பாட்ட சொல்லச் சொல்றாக. வாப்பா மச்சான்ட்ட சொல்லச் சொல்றாக. எனக்கு சம்பளம் எங்க? இன்னைலேர்ந்து ஒரு வார்த்த கடத்த மாட்டேன். ஒரே வீட்ல இருக்கீக, ஒரே கடையில நிக்கிறீக, வாய் எதுக்கு இருக்கு?"

மாமா கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன். மாமி மட்டும் சிரித்தார்.

மார்ச் 12, புதன்

லபானுக்கு இன்னும் ஒரு வாரம்தான் ஆயுசு. எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க மத்தியானம் கோல்ட் ரூமுக்குள் போனேன். அங்கே மாமா ஒரு லபான் பெட்டிமேல் தனியாக உட்கார்ந்திருந்தார், தலையில் கை. என்னைக் கண்டதும் எழப் போனார். "உக்காருங்க மாமா" என்று சொல்லி எதிரே இருந்த பெட்டியில் நானும் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனதில் இருந்து, மாமி வந்து சொல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

"இத என்ன பண்றது மாமா?"

"நீங்க சொல்றதுதான் மாப்பிள்ளை."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ — நோன்பு வேறு, குளிர் வேறு, ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. "நான் எப்ப மாமா சொன்னேன்? நான் சொல்லவே இல்ல! எனக்கு இந்த லபானே வேணாம்! மொத நாள்லேர்ந்தே வேணாம்!"

மாமா கண்ணைக் கொட்டினார். "வேணாமா?"

"வேணாம்."

"அப்ப எழுபதுன்னு ஏன் சொன்னீக?"

"நீங்க அம்பதுன்னதுனால."

"நான் அம்பதுன்னது நீங்க முப்பதுன்னதுனால. எனக்குப் பத்தே அதிகம்தான். துபாய் ஸ்டாண்டர்டுன்னு மீட்டிங்ல ஆசையாச் சொன்னீகளே, மாப்பிள்ளை ஆசைப்படுறாரே, நாம மறுப்பா ஒண்ணு சொல்லக் கூடாதேன்னு..." நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு லபான் புடிக்கவே புடிக்காது மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷம் அடுக்கியிருக்கேன். ஒரு மடக்கு குடிச்சதில்ல."

யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. வாயில் இருந்து புகை புகையாக வந்தது. வெளியே இருந்து ஈஸ்வரி கதவைத் தட்டி, "சார், உள்ள ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அங்கேயே பேசி முடித்தோம். ஷட்டருக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை கிடையாது. அவர் என்னை மேனேஜர் என்று கூப்பிடுவார். நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார். முயன்று பார்த்தேன், 'சதக்' என்பதற்கு மேல் நாக்கு புரள மறுத்துவிட்டது. சரி, மாமாவே இருக்கட்டும். ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

"நீங்களும் சொல்லணும்" என்றேன்.

"மினாராவ நான் எடுக்க மாட்டேன்" என்றார் உடனே.

மார்ச் 14, வெள்ளி

மினாராவைப் பற்றி அரை மணி நேரம் விவாதம். எடுத்தாகிவிட்டது. மாமாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது.

லபானில் ஒரு பங்கைப் பாதி விலைக்குப் போட்டோம். ஒரு பங்கைப் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கக் கொடுத்தோம். லாமியா வீட்டில் அதோடு ரோஸ் சர்பத்தைக் கலந்து பார்த்திருக்கிறாள். இளஞ்சிவப்பு மோர். மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார். அதையே சொல்லிக் கொடுத்து இரண்டு பாட்டில்களையும் சேர்த்துக் கட்டி வைத்தோம், பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் வாங்கிப் போனார்கள். ஆனாலும் தீரவில்லை. கோல்ட் ரூமில் இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது.

மார்ச் 19, புதன்

தேதி முடிந்துவிட்டது. மிச்சத்தைக் கொட்டினோம். இவ்வளவு பாலைச் சாக்கடையில் ஊற்றுவது நோன்பு நாளில் பார்க்கிற காட்சியா? அழுகை வந்தது. நாளைக்கு முதலாளி வருகிறார்.

மார்ச் 20, வியாழன்

காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேனேஜர்" என்று ஆரம்பித்து, "மாப்பிள்ளை" என்று மாற்றிக்கொண்டார். "லபான் போட்டது நான்தான்னு சொல்லிர்றேன். துபாய் ஆளு, ஊர் நடப்பு தெரியாமப் போட்டுட்டான்னு விட்டுருவார். மிஞ்சிப் போனா என்னைய வீட்டுக்கு அனுப்புவார். எனக்கென்ன, வீட்ல உக்காந்துக்குவேன். நீங்க இங்கன இருக்கணும். என் மகளுக்காகச் சொல்றேன்."

உண்மையை எழுதி வைக்கிறேன். ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். லாமியாவின் முகம் வந்தது. சல்மான் காக்காவின் விசா வந்தது. மாமா தானாகத்தானே சொல்கிறார், நான் கேட்கவில்லையே என்றுகூட ஒரு சமாதானம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதலாளி கேபினில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் நின்றோம். "என்ன, கடையில பால் ஆறு ஓடுச்சாமே" என்றார். சிரிக்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹாதி, அது வந்து, நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல மாமா."

நான்தான் சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "ஆர்டர் போட்டது நான். மேனேஜர் நான். அவுக சூப்பர்வைசர், நான் வேணாம்னு சொல்லியிருந்தா வந்திருக்காது. நான் சொல்லல. அவுகளுக்கு லபான் புடிக்கக்கூடச் செய்யாது."

மாமா, "மாப்பிள்ளை, நீங்க சும்மா இருங்க" என்றார். "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க மாமா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. மாமா அப்படியே நின்றுவிட்டார். பில்லிங்கில் ஈஸ்வரியின் மெஷின்கூட நின்றுவிட்டது.

முதலாளி என்னையும் பார்த்தார், மாமாவையும் பார்த்தார். "பெருநாள் வரட்டும், சொல்றேன்" என்று எழுந்து போனார்.

மாமா அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. நோன்பு திறக்கும்போதும் பேசவில்லை. வேலையும் போய், மாமாவின் மனசும் நொந்து — என்னடா உசாமா பண்ணி வச்சிருக்கே? கல்யாணம் ஆனதுலேர்ந்து பொத்திப் பொத்தி வச்ச மரியாதைய ஒரே வார்த்தையில போட்டு உடைச்சிட்டியே!

மார்ச் 22, சனி

லாமியா வேலைநிறுத்தத்தை ஒரே ஒரு செய்திக்காகத் தளர்த்தினாள்.

"வாப்பா கோவமா இருக்காகன்னு நெனைக்கிறீகளா? நேத்து துபாய் கூட்டாளிகளுக்கு வரிசையா போன் போட்டாக. 'எம் மாப்பிள்ளை ஹாதி முன்னாடியே என்னைய வாய மூடச் சொல்லிட்டார்'னு. மூணு பேர்ட்ட சொல்லிட்டாக. என்னமோ பெருநாள் காசு குடுக்குற மாதிரி சந்தோஷமா சொல்றாக."

"நான் வாயை மூடச் சொல்லலையே. பேசாம இருங்கன்னுதான்..."

"மூணாவது போன்ல கையையும் ஓங்கிட்டீக மச்சான். நாலாவது யாருக்கும் போடுறதுக்குள்ள போயி பேசுங்க."

போய்ப் பேசினேன். மாமா சட்டை போடாமல் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். எழவில்லை. "வாங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். பெருநாள் சாமானுக்கு என்னென்ன வேண்டும் என்று பேசினோம். முந்திரி நூறு கிலோ போடலாம் என்றேன். "யாரு திங்கிறதுக்கு? நாப்பது போதும்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. சட்டை போடாமல் இருந்ததால் விட்டுவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. கடையில் கால் வைக்க இடம் இல்லை. சர்க்கரை வரிசையை வாசலுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று மாமாவும் நானும் கூட்டத்துக்கு நடுவிலேயே கத்திக்கொண்டோம். நான் ஜெயித்தேன். மருதாணிக் கோனைப் பில்லிங் பக்கத்தில் வைக்கும் சண்டையில் அவர் ஜெயித்தார், நின்ற இடத்தில் தீர்ந்துபோனது. கொழுக் மொழுக் என்று ஒரு அம்மா ஈஸ்வரியிடம் கேட்டாராம்: "இவுக ரெண்டு பேரும் பங்காளிகளா?" இவள், "இல்லீங்க, ரொம்ப நெருங்கின சொந்தம்" என்றாளாம்.

நாற்பது கிலோ முந்திரியும் போய்விட்டது. அவர் சொன்னதுதான் சரி. கால் இரண்டும் என்னுடையது மாதிரியே இல்லை. நாளைக்குத்தான் தெரியும்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தொழுகை முடிந்து வந்ததும் மாமி ஒரே சஹனில் பிரியாணி வைத்தார், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தாலம். இத்தனை நாளும் சோற்றுக்கு எனக்குத் தனித் தட்டுதான், நான் முடித்த பிறகுதான் மாமா. இன்றைக்கு நான் உட்காரும் முன்பே மாமா அதன் ஒரு பக்கத்தில் சம்மணம் போட்டுவிட்டார். "வாங்க மேனேஜர், ஆறிப் போகும்" என்றார்.

பாதிச் சாப்பாட்டில் முதலாளி வந்தார். வாழ்த்துச் சொல்லி, சஹனில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து நல்ல கறியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாமியா கதவுக்குப் பின்னால் நிற்பது அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. அவர் நிதானமாக மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார்: "நோன்பு வியாபாரம் நல்லாத்தான் இருக்கு. லபான் நட்டம் போகவும் நல்லாத்தான் இருக்கு. யாரு பண்ணுனதுன்னு கேக்கும்போது ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டு முன்னாடி வந்தத இப்பத்தான் பாக்குறேன். மதுரைக்காரர வர வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா உசாமா, இனிமே வண்டி வைக்கிற மாதிரி ஆர்டர்னா எனக்கொரு போன் பண்ணு."

கதவுக்குப் பின்னால் வளையல் ஓடிப்போகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டும்" என்றார்.

சாயங்காலம் காக்காவுக்குப் போன் போட்டேன். விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். "நல்லா இருடா" என்றார். பிறகு, "எனக்கு அங்கன ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. கேபினில் இப்போது இரண்டு நாற்காலி.

இன்று மாமா உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "மேனேஜர், நாளைக்கு எனக்கு லீவு வேணும்" என்றார்.

"எதுக்கு மாமா?"

"லாமியாவ ராமநாதபுரத்துக்கு ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"இல்ல மாமா, தர முடியாது. நாளைக்கு நான் லீவு. ரெண்டு பேரும் இல்லாம கடைய எப்புடி விடுறது?"

"நீங்க எதுக்கு லீவு?"

"லாமியாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மாமா விடுவாரா? ஆஸ்பத்திரியில் தனக்கு ஆள் தெரியும் என்றார். நான் காரை வேகமாக ஓட்டுவேன் என்றார். டோக்கன் வாங்கும் வரிசையில் எனக்குச் சாமர்த்தியம் போதாது என்றார். எல்லாவற்றுக்கும், "இல்ல மாமா" என்றேன். கடைசியில் எழுந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஸ்கேன்ல மொகம் தெரியுமாமே" என்றார்.

"கொஞ்சம் தெரியுமாம் மாமா."

"சரி. நீங்களே போங்க. நீங்கதான் போகணும்."

கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவர் குரல் வந்தது. "அன்பான வாடிக்கையாளர்களே, நாளைக்கு மேனேஜர் லீவு. அவருக்கு ஆஸ்பத்திரியில ஒரு முக்கியமான ஆளப் பாக்க வேண்டியிருக்கு. எதுனாலும் சூப்பர்வைசர்ட்ட வாங்க." கடைசி வார்த்தையில் குரல் லேசாகக் கம்மியது. மைக் சரியில்லை என்று ஈஸ்வரி சொன்னாள். ஆமாம், மாற்ற வேண்டும் என்று நானும் சொன்னேன்.